பேச்சியம்மா வளர்த்த நல்ல பேன்

பேச்சியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் தலையில் இருந்த பேனிலிருந்துதான் தொடங்க வேண்டும். முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்கள் தலையில் ஒரு நாளும் இருந்ததில்லையா?

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம். கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய மேல் லயத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் மிளகாய் தாளித்தால் நான் தும்முவேன். நான் புருஷனைத் திட்டினால் அவள் அந்தப் பக்கத்திலிருந்து, "போதும் அம்மாக்கண்ணு, விடு" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சோறு தின்றதும் லயத்துப் பெண்கள் எல்லாரும் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு பேன் பார்க்க அவள் வாசலுக்குப் போய்விடுவோம். முதலில் யார் உட்காருவது என்று சண்டை நடக்கும். நானும் முடியைப் பிடித்து இழுத்திருக்கிறேன், என் முடியும் இழுபட்டிருக்கிறது.

கொழுந்து பறிப்பதில் அவள் அப்படியொன்றும் கெட்டிக்காரி இல்லை. முழங்கால் வலி. மலை ஏறும்போது எல்லாருக்கும் கடைசியாக முனகிக்கொண்டு வருவாள், கங்காணியிடம் ஏச்சு வாங்குவாள். ஆனால் ஒரு தலையில் விரலை வைத்தாளோ, அவள் வேறு மனுஷி. பேனை எடுத்து இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்துக் குத்தும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் போடுவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் நமக்கும் நிம்மதி.

அறுபத்திரண்டாம் வருஷம் எங்கள் தேயிலையில் ஒரு சீக்கு விழுந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிவப்புப் பூச்சி. இலையின் சாற்றை உறிஞ்சி, பச்சை மலையைத் துருப்பிடித்த தகரம்போல ஆக்கிவிட்டது. படித்தவர்கள் அதற்குச் 'செம்பேன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை வைத்த மகராசன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நாலு வார்த்தை கேட்பேன். உலகத்தில் வேறு பெயரா கிடைக்கவில்லை?

இந்தச் செம்பேனைப் பிடித்துத் தின்கிற இன்னொரு பேன் இருக்கிறதாம். அதை வளர்த்துத் தேயிலையில் விட்டால் அது மற்றதைத் தின்று தீர்த்துவிடுமாம். இந்த வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கனகலிங்கம் என்று ஓர் இளவயது உத்தியோகத்தர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. வந்த அன்றே அவருக்குப் 'பூச்சி ஐயா' என்று பெயர் விழுந்துவிட்டது. பேன்களைப் பார்த்துக்கொள்ள நல்ல கண்ணும் பதமான கையும் உள்ள ஒரு பெண் வேண்டும் என்று அவர் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொன்னார். கண்டாக்கையா கங்காணி ஆண்டியப்பனிடம் சொன்னார். ஆண்டியப்பனுக்கு எதைச் சொன்னாலும் பாதிதான் உள்ளே போகும். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எல்லாரும் கூடையும் கையுமாக வரிசையில் நிற்கும்போது அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏ புள்ளைகளா! நல்லா பேன் பாக்கத் தெரிஞ்சவ யாரு? பூச்சி ஐயாவுக்குப் பேன் பாக்கணுமாம்!"

சிரித்தோம் பாருங்கள், கூடைகள் எல்லாம் உருண்டு போயின. "பாவம்டி, தாய் தகப்பனை விட்டுட்டு வந்த புள்ள, தலைய கவனிக்க ஆளில்ல" என்று எவளோ சொன்னாள். எல்லாக் கையும் பேச்சியம்மாவைக் காட்டின.

அவளும் போனாள். வெறுங்கையோடு போகவில்லை. பேன் சீப்பும் தேங்காயெண்ணெய்ப் போத்தலும் ஒரு பழைய துணியுமாகப் போனாள். தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த பழைய மாட்டுக் கொட்டிலைத்தான் பூச்சி ஐயாவுக்குக் கொடுத்திருந்தார்கள். இவள் கீழே சாக்கை விரித்து, "உக்காருங்கய்யா" என்றிருக்கிறாள். தோட்டத்து மரியாதை ஏதோ என்று நினைத்து அவரும் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த நிமிஷம் பத்து விரலும் அவர் தலைமுடிக்குள்.

"ஐயோ! என்ன செய்யிறியள்?" என்று அவர் துள்ளி எழுந்தாராம். "பேன் என்ரை தலையிலை இல்லை! இலையிலை!"

"தல எலையா? அது என்ன எலைங்க?"

"தலையிலை இல்லை எண்டு சொல்லுறன். இலையிலை! இலையிலை!"

யாழ்ப்பாணப் பேச்சில் வருகிற 'இலை'களை எண்ணிப் பிரித்து அவளுக்கு விளங்க அரைநாள் ஆயிற்று. அதற்குள் கொட்டில் வாசலில் பாதித் தோட்டம் கூடிவிட்டது, நான் உட்பட.

விளங்கிய பிறகாவது ஒழுங்காக நடந்ததா? கனகலிங்கம் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். ஈரப் பஞ்சின்மேல் ஒரு போஞ்சி அவரை இலை, இலையின்மேல் அவர் ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த நல்ல பேன்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த தட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, கை கழுவப் போனார். இவள் எடுத்தாள். எடுத்ததும் கை தன்பாட்டுக்கு நகத்துக்குக் கொண்டுபோயிற்று. 'ஸ்ஸ்'. அடுத்தது. 'ஸ்ஸ்'. அவர் திரும்பி வரும்போது பாதித் தட்டு காலி.

"சாக்காட்டிப்போட்டியளே! தாய்ப் பேன் எல்லாத்தையும் கொண்டுபோட்டியளே!" என்று அவர் தலையில் கைவைத்தார்.

"ஐயோ சாமி, பழக்கதோசம்ங்க" என்றாள் பேச்சியம்மா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் அழுகை வந்த மாதிரிதான் இருந்தது என்று பிறகு சொன்னாள். நல்ல மனுஷர், அவளைத் துரத்தவில்லை. மிச்சம் இருந்ததை வைத்து வளர்ப்போம் என்றார். அன்றிலிருந்து அவள் இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

அதற்குப்பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. மழையில் நனைய வேண்டாம், மலை ஏற வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து வேலை. எங்கள் தலைகள்தான் நாதியற்றுப் போயின. ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தால், "கண்ணு நோவுதுடி, வாரம் பூரா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பாள். சே, என்ன அநியாயம்! உத்தியோகம் வந்தால் பேன்கூடப் பார்க்க மாட்டாளாம்.

ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சனியன்களுக்கு அவள் பார்த்த பணிவிடையைச் சொல்லத்தான் வேண்டும். நல்ல பேனுக்குச் செம்பேன்தான் சாப்பாடு. அது கிடைக்காவிட்டால் ஆமணக்குப் பூவின் மஞ்சள் தூளைத் தூவினாலும் தின்னும். இரண்டும் இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்னும். இதைக் கேட்டதும் பேச்சியம்மாவுக்கு நெஞ்சு பதறிவிட்டது. "பசிச்சா கூடப்பொறந்ததையே திங்குமாம்டி!" என்று என்னிடம் வந்து புலம்பினாள். மறுநாள் ஒருவருக்கும் சொல்லாமல் ரொட்டித் துண்டும் சீனியும் கொண்டுபோய்த் தட்டில் வைத்தாள். எறும்பு வந்தது. பூச்சி ஐயா எறும்பை ஊதி விரட்டினார், ஊதின ஊதலில் பேனும் பறந்தது.

இன்னொரு தரம் முட்டை வைப்பது அடியோடு நின்றுபோயிற்று. பேன்கள் உயிரோடுதான் இருந்தன, ஆனால் சோம்பிப்போய்க் கிடந்தன. விசாரித்தால், கால் வலிக்கிறதென்று இவள் பக்கத்து மலையிலிருந்தே செம்பேன் இலையைப் பறித்துவந்து போட்டிருக்கிறாள். அந்த மலைக்குப் போன வாரம்தான் மருந்து அடித்திருந்தார்கள். "மருந்து பட்ட இரையைத் திண்டால் உடனை சாகாது, ஆனால் முட்டை வைக்காது. விளங்குதே?" என்றார் கனகலிங்கம். "வெளங்குதுங்க, பத்தியம் தப்பிப்போச்சு" என்றாள் இவள். அதிலிருந்து பிள்ளை பெற்றவளுக்குப் பார்க்கிற மாதிரி மருந்து படாத இலையாகத் தேடித் தேடிப் போட்டாள். கனகலிங்கமும் ஒரு தட்டைத் தனியாகத் தன் குவார்ட்டர்ஸில் வைத்து, பூந்தூளை மட்டுமே கொடுத்து வளர்த்தார். எந்தச் சாப்பாட்டில் எது நன்றாகப் பெருகுகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் கல்யாணப் பேச்சு வந்தது.

பேச்சியம்மாவுக்கு ஒரே மகள், மீனம்மா. ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் செல்லசாமி என்றொரு பையன். இரண்டு பேரும் ஒரு திருவிழாவில் பார்த்துக்கொண்டதோடு சரி, அதற்குப்பின் மீனம்மா அவனைத் தவிர வேறொருவனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று நின்றாள். பையனின் தாய் காளியாயி. அவள் பேரைக் கேட்டாலே ராகலையில் நாய் குரைக்காது என்பார்கள். அவளும் எப்படியோ சம்மதித்துவிட்டாள். எல்லாவற்றையும் கெடுத்தது பேச்சியம்மாவின் புருஷன் சிவசாமிதான். ஒரு காதுகுத்துக்கு ராகலை போன இடத்தில், மனைவி பெருமையைப் பந்தியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

"எம் பொஞ்சாதிய லேசா நெனைக்காதீங்க. இப்ப அவ பேன் வளக்குறா. லெச்சக்கணக்குல இருக்கு! தொரையே வந்து பாத்துட்டுப் போனாரு!"

விளங்குமா அந்தக் கல்யாணம்? இரண்டே நாளில் நடுவில் நின்று பேசிய இராமையா பஸ் ஏறி வந்து சேர்ந்தார். 'பேன் வளர்க்கிற வீட்டில் நான் பெண் எடுக்க மாட்டேன்' என்று காளியாயி சொல்லிவிட்டாளாம். இராமையா காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை அவளே நேரில் வந்து பெண்ணின் தலையைப் பார்க்கட்டும், ஒரு பேன் இருந்தாலும் பேச்சை முறித்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். மீனம்மா சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அவள் அழுகிற சத்தம் என் வீட்டில் கேட்டது.

பேச்சியம்மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையாவிடம் ஓடிப்போய் டிடிடி பவுடர் வாங்கிவந்தாள். அந்தக் காலத்தில் பேனுக்கு அதைத்தான் தலையில் தூவுவார்கள். மீனம்மா தலையில் கொட்டினாள், தன் தலையில் கொட்டினாள், தூங்கிக்கொண்டிருந்த சிவசாமி மீசை வரைக்கும் கொட்டினாள். பாய், தலையணை, கோழிக்கூடு எதையும் விடவில்லை. கோழி வெள்ளைக்காரத் துரைச்சாணி மாதிரி லயத்தில் உலாத்திற்று. சனிக்கிழமை அதே தலையோடு, அதே சேலையோடு கொட்டிலுக்கு வேலைக்கும் போனாள். குனிந்து குனிந்து தட்டுகளைப் பார்த்தாள். அவளுக்கு நினைப்பெல்லாம் மகள்மேல். தலையிலிருந்து என்ன கொட்டிற்று என்று அவள் பார்க்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் இராமையாவோடு காளியாயி வந்தாள். காப்பிகூடக் குடிக்கவில்லை. மீனம்மாவை வாசலில் உட்காரவைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லயமே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒன்றும் இல்லை. ஓர் ஈர்கூட இல்லை. காளியாயி நிமிர்ந்து, வெற்றிலைப் பையை அவிழ்த்து, "சரி, தலை சுத்தமாத்தான்..." என்று வாயைத் திறக்கிறாள்.

அப்போதுதான் படிக்கட்டில் பூச்சி ஐயா ஓடிவந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது, கையில் செம்பேனும் நல்ல பேனும் சேர்த்து விட்டிருந்த ஒரு போஞ்சித் தொட்டி.

"பேச்சியம்மா! என்ரை பேன் எல்லாம் செத்துப்போச்சு! கொட்டிலிலை ஒரு பேன் மிச்சமில்லை, பேச்சியம்மா!"

அட கடவுளே! வேறு நேரமா கிடைக்கவில்லை அந்த மனுஷனுக்கு? காளியாயி வெற்றிலைப் பையை முடிச்சுப் போட்டாள். "நான் சொன்னேன்ல? பேன் செத்ததுக்கு ஒப்பாரி வைக்கிற தோட்டம் இது. எந்திரி இராமையா!" என்று எழுந்தாள். மீனம்மா ஓவென்று அழுதாள். சிவசாமி எங்கே போய் ஒளிந்தாரோ தெரியவில்லை.

பூச்சி ஐயாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவர் துக்கம் அவருக்கு. "நல்ல பேன்தான் செத்துது. கெட்ட பேன் ஒண்டுகூடச் சாகேல்லை. இஞ்சை பாருங்கோ, நூல் கட்டிக்கொண்டு பெருகி நிக்குது" என்று தொட்டியை எல்லாருக்கும் நீட்டினார். போஞ்சி இலை மஞ்சள் பாய்ந்து, அடியில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூலோடு சுருண்டு கிடந்தது.

இரண்டு படி இறங்கிவிட்ட காளியாயி நின்றாள். திரும்பி ஏறிவந்தாள். இலையைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கருமம் எங்கேருந்து வந்துச்சு ஒங்களுக்கு?" என்றாள். "எம் போஞ்சியிலயும் இதாங்க. கொல்லையில ஒரு கொடி மிச்சமில்ல. நுவரெலியாச் சந்தைக்கு அனுப்ப ஒரு கை காய் தேறல. நானும் அந்த வெள்ளப் பவுடரை அள்ளி அள்ளிப் போடுறேன், போடப் போடத்தான் கூடுது!"

"பவுடர் போட்டனீங்களோ?" கனகலிங்கம் கண்ணாடியைச் சரிசெய்தார். "அதுதான் பிழை. உந்தப் பவுடருக்குச் செம்பேன் அசையாது. அதைப் பிடிச்சுத் தின்னுற நல்ல பேன்தான் சாகும். காவல்காரனைச் சாக்காட்டிப்போட்டுக் கள்ளன் வாறான் எண்டு அழுது என்ன பிரயோசனம்?" என்றவர், அப்போதுதான் கோழியைப் பார்த்தார். பிறகு பேச்சியம்மாவின் தலையைப் பார்த்தார். முகம் கறுத்துப் போயிற்று.

"நான்தாங்க கொன்னேன்" என்றாள் பேச்சியம்மா. அவள் எதையும் மறைக்கவில்லை. "பவுடரைக் கொட்டிக்கிட்டு அதோட வந்தேன். எம் புள்ள கல்யாணம் நின்னுருமோன்னு புத்தி பேதலிச்சுப் போச்சுங்க. இந்தம்மா பேன் இருக்கக் கூடாதுன்னாங்க. நான் எல்லாத்தையும் கொன்னுட்டேன்."

காளியாயி இலையைப் பார்த்தபடி விரலை மடக்கினாள். கணக்குப் போடுகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு கேட்டாள்: "அந்த நல்ல பேனு வேற எங்கயும் இருக்கா?"

"ஒரே ஒரு தட்டு. என்ரை குவார்ட்டர்ஸிலை. அதைத் தரேலாது" என்றார் கனகலிங்கம்.

"அப்ப சரி. பேன் குடுக்காத வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்."

கேட்டீர்களா நியாயத்தை? வரும்போது பேன் இருந்தால் பெண் வேண்டாம், போகும்போது பேன் இல்லாவிட்டால் பெண் வேண்டாம்! என் வாய் சும்மா இருக்குமா? "ஏங்க, ஒங்க வாயா, இல்ல..." என்று ஆரம்பித்தேன். பேச்சியம்மா என் வாயைப் பொத்தினாள். பொத்திவிட்டுக் கனகலிங்கத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஐயா, என்னைய வேலைய விட்டு நிறுத்துங்க. மறுபடி மலைக்கே போறேன். அந்தத் தட்டுல கொஞ்சம் மட்டும் எம் புள்ளைக்குக் குடுங்கய்யா. அவ அழுவுறத என்னால பாக்க முடியல."

கனகலிங்கம் போஞ்சித் தொட்டியைக் கீழே வைத்தார். மீனம்மாவைப் பார்த்தார். அவருக்கும் ஊரில் தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்று பேச்சியம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். "சீதனம் எண்டால் வீடு கேப்பினம், காணி கேப்பினம். பேன் கேட்டதை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்று முணுமுணுத்தார். "இப்ப பிரிச்சால் ரெண்டு பக்கமும் அழிஞ்சு போகும். முதல்லை பெருகட்டும். நல்ல சாப்பாடு குடுத்தால் பெருகும். பெருகினவுடனை கலியாணத்தை வையுங்கோ."

இப்படியாக, மீனம்மாவின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வேண்டியது பேன் என்று ஆயிற்று. கோயில் ஐயர் கோபித்துக்கொண்டார். அவர் கோபம் யாருக்கு வேண்டும்? அன்றிலிருந்து வேலை முடிந்து வரும் லயத்துச் சனமெல்லாம் ஆற்றோரம் ஆமணக்குப் பூப் பறிக்கப் போனோம். பவுடர் என்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது என்று பேச்சியம்மா உத்தரவு போட்டாள். அவளுக்குப் பேன் பார்க்க நேரமும் இல்லை. ஆக, அந்த நல்ல பேன் பெருகுவதற்காக எங்கள் தலையில் மற்றப் பேனும் சுகமாகப் பெருகிற்று. பெரட்டில் நின்றால் வரிசை முழுக்கத் தலையைச் சொறியும். காளியாயி பஸ்ஸில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியனுப்புவாள்: "பேன் எப்புடி இருக்குன்னு கேட்டுட்டு வா." பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒரு தரமாவது கேட்டாளா? இல்லை.

ஒருநாள் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் கனகலிங்கம் கொட்டில் வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கினார். "முட்டை வைச்சிட்டுது! தட்டு முழுக்க முட்டை!" நாங்கள் அத்தனை பெண்களும் அங்கேயே குலவை போட்டோம். கண்டாக்கையா தேயிலைத் தூள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. செல்லசாமி நல்ல பிள்ளை. மறுநாள் காலையில் பெண்ணை ராகலைக்கு அனுப்ப மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் போனோம். மழை தூறிற்று. காளியாயி குடையை விரித்து, நல்ல பேன் விட்டுக் கொடுத்திருந்த போஞ்சித் தொட்டிக்குப் பிடித்தாள். மாப்பிள்ளையும் பொண்ணும் நனைந்துகொண்டு வந்தார்கள்.

பஸ் புறப்படப் போகிறது. பேச்சியம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு காளியாயியிடம் வேகவேகமாகச் சொன்னாள்.

"பட்டினி மட்டும் போட்டுறாதீங்க மதினி. பசிச்சாலும் வாயத் தொறந்து கேக்காது. புது எடம்னா மொதல்ல ஒடுங்கித்தான் கெடக்கும், ஒண்ணும் சொல்லாதீங்க. கடுமையான எதையும் பக்கத்துல கொண்டு போயிறாதீங்க, தாங்காது. நான் ரொம்பப் பொத்திப் பொத்தி வளத்துட்டேன்."

"எல்லாந்தான் பூச்சி ஐயா சொன்னாரே" என்று காளியாயி தொட்டியைத் தட்டிக்காட்டினாள். பிறகுதான் பேச்சியம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "ஏங்க மதினி... நீங்க பேனைச் சொல்றீங்களா, புள்ளையச் சொல்றீங்களா?"

பேச்சியம்மா ஜன்னலை விட்டாள். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்குள்ளே மீனம்மா அழுதாள். எனக்கும் கண் கலங்கிற்று, பக்கத்தில் நின்ற கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

காளியாயி தொட்டியைத் தூக்கித் தன் மகன் மடியில் வைத்தாள். ஜன்னலோரம் இருந்த தன் இடத்தைவிட்டு எழுந்து மீனம்மாவை அங்கே உட்காரவைத்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் ஈரத் தலையைத் துவட்டத் தொடங்கினாள். பஸ் ஹட்டன் றோட்டில் திரும்புகிற வரைக்கும் துவட்டிக்கொண்டுதான் இருந்தாள்.